சக்கர் மீன்: தொட்டி சுத்தமாகுமா?

பாசியைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைத்திருக்கும் என்று சொல்லி விற்கிறார்களே, அந்தச் சக்கர் மீனை வளர்த்தவன் எழுதும் விமர்சனம் இது. 5-க்கு 1 தருகிறேன். அந்த ஒன்றும் குஞ்சுப் பருவத்துக்குத்தான்.

விரல் நீளம் இருக்கும்வரை வேலை கச்சிதம். கண்ணாடியில் வாயைப் பதித்துப் பட்டை பட்டையாகப் பாசியைச் சுரண்டும். பார்க்கவும் அழகு: விளக்கைப் போட்டால் கண்மணி மேல் ஒரு சின்ன மடல் இறங்கும். வளர ஆரம்பித்ததும் பாசியை மறந்துவிட்டு மற்ற மீன்களின் தீனிக்கு வந்து நிற்கும். கழிவோ சொல்லி மாளாது, ஃபில்டர் பஞ்சைக் கழுவியே கை ஓய்ந்துபோகும். 40 சென்டிமீட்டர் தாண்டக்கூடிய மீனை இரண்டடித் தொட்டிக்கு விற்பது என்ன நியாயம் என்று கேட்டேன். "பெருசாயிட்டா ஏரில விட்டுடுங்க" என்றார் விற்றவர்.

எனக்கு எரிச்சலே அந்தப் பதிலில்தான்.

ஏரியில் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு முன், அது எந்த இனம் என்று பார்ப்போம். மீன் கண்ணாடியில் ஒட்டியிருக்கும்போது வயிற்றைப் பாருங்கள். தனித்தனிப் புள்ளிகள் இருந்தால் டெரிகோப்ளிக்திஸ் பார்டாலிஸ் என்ற இனம், நெளிநெளியான கோடுகள் இருந்தால் அதன் நெருங்கிய சொந்தமான டெரிகோப்ளிக்திஸ் டிஸ்ஜங்டிவஸ் என்பது கணக்கு. என்னுடையதில் முன்பக்கம் புள்ளி, பின்பக்கம் அந்தப் புள்ளிகளே சேர்ந்து கோடு. இரண்டுமே தென் அமெரிக்காவின் அமேசான் படுகை மீன்கள். குடியேறிய நாடுகளில் ஒன்றோடொன்று கலந்துவிட்டதால் இப்படி இரண்டுங்கெட்டான் வயிறுகள் சகஜம். டி.என்.ஏ. சோதனையிலும், செல்லுக்குச் சக்தி தரும் உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வை மட்டும் பார்த்தால் தாய்வழிதான் தெரியும். தகப்பன் எந்த இனம் என்று அறிய உட்கரு டி.என்.ஏ.வையும் பார்த்தாக வேண்டும்.

நாலைந்து மீன்கள் மட்டும் தப்பிப் போய்ப் பெருகினால், அந்தக் கூட்டத்தின் மரபணு வளம் குறுகிவிடும், அதாவது எல்லாம் ஏறக்குறைய ஒரே வார்ப்பாக இருக்கும், குளிரோ நோயோ வந்தால் தாங்குவது கஷ்டம். நமக்கு இருக்கும் ஒரே ஆறுதல் அது. வெவ்வேறு பண்ணைகளில் பிறந்தவற்றை ஆளாளுக்கு வாளியில் கொண்டுவந்து ஒரே ஏரியில் கொட்டினால் அதுவும் போச்சு. ஒவ்வொரு வாளியும் புது ரத்தம். குளிரோ நோயோ எது வந்தாலும் தாக்குப்பிடிக்கிற சிலது அந்தக் கலவையில் இருக்க வாய்ப்பு கூடிவிடும். ஏற்கெனவே அது லேசில் சாகிற ஜென்மம் இல்லை. நீரில் ஆக்சிஜன் குறைந்தால் மேலே வந்து காற்றை விழுங்கி இரைப்பையால் சுவாசிக்கும். உடம்பெல்லாம் எலும்புத் தகடு. கரையைக் குடைந்து வளைக்குள் முட்டை, அதற்கு ஆண் மீன் காவல்; கரை சரிவது நமக்கு மிச்சம். மெக்சிகோவின் இன்ஃபியர்நியோ அணையில் திலாப்பியாவுக்கு விரித்த வலைகளில் இதுவே வந்து நிறைந்தது.

பாசி தின்னும் மீன்தான் வேண்டுமென்றால் பிரிசில்நோஸ் வாங்குங்கள், பெரும்பாலும் 15 சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும். கண்ணாடியைத் துடைக்க ஒரு ஸ்கிரேப்பர் இன்னும் உத்தமம். வீட்டில் ஏற்கெனவே பெரிய சக்கர் இருந்தால் கடையில் திருப்பிக் கேட்டுப் பாருங்கள், இல்லையென்றால் பெரிய தொட்டி வைத்திருப்பவர் யாருக்காவது கொடுங்கள்.