பெரியமேட்டில் டிஃபன்ஸுக்கு என்ன வாங்கலாம்?

ஃபுட்பால் லீக் முடிந்த இடைவெளியில் டீமின் டிஃபன்ஸைச் சரிசெய்ய நினைக்கும் கோச்சுகள் முதலில் போய் நிற்பது சென்னை பெரியமேட்டில்தான். நேரு ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள கடைகளில் பந்து முதல் கோல் வலை வரை எல்லாம் கிடைக்கும். ஆனால் கடைக்காரர் முதலில் எடுத்துக் காட்டும் சாமானும், பின்வரிசையில் நிற்கும் நாலு பேருக்கு (ஓரங்களில் இரண்டு பேக், நடுவில் இரண்டு ஸ்டாப்பர்) உண்மையிலேயே தேவைப்படும் சாமானும் ஒன்றல்ல.

தரையில் விரித்துக் கால் மாற்றி ஓடும் பயிற்சி ஏணியான லேடரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று இருந்தால் போதும், வார்ம்-அப்பில் 5 நிமிடம். லேடருக்குள் கால் வைக்கிறவர் தலையைக் குனிந்துதான் ஓடுவார். ஸ்டாப்பரோ தலையை நிமிர்த்திப் பந்தையும் ஆளையும் சேர்த்துப் பார்த்தபடி பின்னோக்கி நகர வேண்டியவர்.

அந்தக் காசை, நிறுத்திவைக்கும் பயிற்சிக் கம்பங்களான போல்களில் போடலாம். 6 போல் வாங்கினால் எதிரணி ஃபார்வர்டுகளை நிறுத்திவைத்ததுபோல் இருக்கும். தரையில் குத்தும் கூர்முனை வகை வேண்டாம். ஏப்ரல், மே வெயிலில் நம் மண் தரை இறுகிவிடுவதால் முனை வளைந்துவிடும். உள்ளே கூடான அடிப்பாகம் உள்ளதை வாங்கி, தண்ணீருக்குப் பதில் காய்ந்த மணலை நிரப்புங்கள். தண்ணீர் மூடி வழியாகக் கசியும். எடை குறைந்ததும் சாயங்காலக் கடற்காற்றே போலைச் சாய்த்துவிடும்.

எல்லாவற்றையும்விட முக்கியமான சாமான் ஹார்டுவேர் கடையில் இருக்கிறது: 30 மீட்டர் நைலான் கயிறு. நாலு பேரையும் ஒரே வரிசையாக இணைக்கத்தான் இது. இரண்டு பேக், இரண்டு ஸ்டாப்பர், ஆளுக்கு ஆள் 8 மீட்டர் என்றால் மூன்று இடைவெளிக்கு 24 மீட்டர், மிச்சம் முடிச்சுகளுக்கு. கயிற்றை நேராக இடுப்பில் கட்டவே கூடாது. வெல்க்ரோ பெல்ட்டில் கோத்து, வேகமாக இழுத்தால் கழன்றுவிடும்படி வையுங்கள். இல்லையென்றால் ஒருவர் விழுந்தால் நாலு பேரும் விழுவார்கள். நடையும் மெல்லோட்டமும் மட்டும்.

எதிரில் ஐந்து பேர் பந்தை இடமும் வலமும் மாற்றட்டும். பந்து ரைட் பேக் பக்கம் போனால் அவர் ஏறுவார், பக்கத்து ஸ்டாப்பர் பின்னால் சாய்வாக நிற்பார், லெஃப்ட் பேக் பக்கக்கோட்டிலிருந்து உள்ளே வரவேண்டும். தவறு நடப்பது பெரும்பாலும் இந்த லெஃப்ட் பேக்கிடம்தான். தன் பக்கம் ஓரமாக ஓடும் எதிரணி விங்கரை விட்டு வர அவருக்கு மனம் வராது. மைதானத்தின் அகலம் பொதுவாக 64 முதல் 68 மீட்டர், நம் வரிசை 24 மீட்டர். தூரத்து விங்கைத் திறந்துவிட்டுத்தான் நடுவை அடைக்க முடியும். கயிறு தரையில் தொய்ந்தால் இருவர் ஒட்டிவிட்டார்கள், விறைத்தால் ஒருவர் பின்தங்கிவிட்டார். கோச் கத்தாமலே இடுப்பு சொல்லிவிடும். 10 நிமிடத்துக்குப் பின் கயிற்றைக் கழற்றி, அதே பயிற்சியை முழு வேகத்தில் செய்யுங்கள். எதிரணி பந்தைப் பின்னால் தட்டினால் வரிசை ஏறணும். பந்து வைத்திருப்பவர் நெருக்கடியில்லாமல் தலை நிமிர்ந்தால் இறங்கணும். குரல் கொடுப்பது ஒரே ஒரு ஸ்டாப்பர்.

பந்தைத் தலையால் முட்டும் ஹெட்டருக்கு 5-ஆம் நம்பர் பந்தோடு, அதன் காற்றழுத்தத்தை அளக்கும் பிரஷர் கேஜும் சேர்த்து வாங்குங்கள். பலரும் விட்டுவிடுகிற சாமான் இது. விதிப்படி பந்தின் அழுத்தம் 0.6 முதல் 1.1 பார் (அழுத்த அலகு), ஹெட்டர் பழக 0.7 போதும். வெயிலில் கிடந்த பந்தில் அழுத்தம் ஏறியிருக்கும். ஊசியை நனைக்காமல் செருகினால் வால்வு கிழியலாம். பந்து வரும் நேரத்துக்குக் குதிக்கப் பழகிய ஸ்டாப்பர் கோலும் போடுவார்: 2018 மார்ச் 17 ஐஎஸ்எல் (இந்தியன் சூப்பர் லீக்) ஃபைனலில் சென்னையின் எஃப்சி பெங்களூருவை 3-2 என வென்றபோது, அதில் இரண்டு கோல் சென்னை ஸ்டாப்பர் மெயில்சன் ஆல்வெஸின் ஹெட்டர்கள்.

தொடையை வலுவாக்க ரப்பர் பேண்டு வாங்குவதைவிட, மண்டியிட்டபடி உடலை மெல்ல முன்னால் சாய்க்கும் நார்டிக் கர்ல் பயிற்சி மேல். கணுக்காலைப் பிடிக்க ஓர் ஆள் போதும், செலவே இல்லை. முதல் வாரம் ஒரே நாள், 5 வீதம் 2 செட். நாலாவது வாரம் மூன்று நாள், 8 முதல் 10 வீதம் 3 செட். தொடக்கத்தில் தொடையின் பின்புறம் நன்றாக வலிக்கும், அதனால்தான் மேட்ச் இல்லாத இந்தக் காலம் இதற்கு ஏற்றது.

ஷூ விஷயத்தில் இறுகிய மண்ணுக்கும் வாடகை டர்ஃபுக்கும் (செயற்கைப் புல்தரை) அடியில் சின்னச் சின்ன ரப்பர் ஸ்டட் (குமிழ்) நிறைந்த டிஎஃப் (டர்ஃப்) வகையே சரி. நீள ஸ்டட் டர்ஃபில் மாட்டிக்கொள்ளும். விங்கரைத் துரத்தத் திடீரென்று திரும்பும் பேக்குக்கு அப்போது முறுக்குவது முட்டிதான்.