அப்பாவோட ஆம்னிக்கு பின்பக்கம் உயரம் ஏத்தின கதை, கடலூர் பயணம் ஜனவரி 2025

பொங்கலுக்கு மூணு வாரம் லீவு போட்டு பாரிஸ்ல இருந்து கடலூர் போயிருந்தேன். போன தடவ ஊருக்கு போனப்போ பல் ஆஸ்பத்திரி, பேங்க் வேலைனு போச்சு, இந்த தடவ முழுக்க வண்டி வேலைதான். எங்க அப்பாவோட மாருதி வேன், 1989 மாடல். 1984ல மாருதி வேன்னு வந்து 1988ல ஆம்னினு பேரு மாத்தினாங்களே, அதுக்கு அடுத்த வருஷம் வாங்கினது. 2019ல அந்த வண்டிய தயாரிக்கிறதையே நிறுத்திட்டாங்க, ஆனா எங்க வீட்டு வாசல்ல இன்னும் ஓடுற நிலையில நிக்குது.

முன்னாடி பலா சீசன்ல அப்பா பண்ருட்டியில இருந்து பாண்டிச்சேரி பெரிய மார்க்கெட்டுக்கு இந்த வண்டியில பழம் ஏத்திட்டு போவாரு. பின் சீட்ட கழட்டிட்டு கூரை வரைக்கும் அடுக்குவாங்க. அப்படி பல வருஷம் சுமந்ததுல பின்பக்கம் ஸ்பிரிங் படுத்துடுச்சு. போதாததுக்கு பெஞ்சல் புயலப்போ தென்பெண்ணையில வெள்ளம் வந்து எங்க தெருவுல தண்ணி நின்னுச்சு, ஸ்பிரிங்ல ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கியிருக்கிற இரும்புப் பட்டைக்கு நடுவுல எல்லாம் துரு. அம்மாவுக்கு முதுகு வலி, திருவந்திபுரம் கோயிலுக்கு கூட்டிட்டு போனா ஒவ்வொரு பள்ளத்துலயும் அச்சு மேல வந்து பாடியில இடிக்குது, அம்மா வாய திறக்காம கைப்பிடிய இறுக்கி பிடிச்சிட்டு வருது. அத பாத்துதான் பாரிஸ் திரும்புறதுக்குள்ள இத சரி பண்ணியே ஆகணும்னு முடிவு பண்ணேன்.

மொதல்ல அளவு எடுத்தேன். பின் சக்கரத்தோட நடு மையத்துல இருந்து மேல பாடி வளைவு விளிம்பு வரைக்கும் டேப் வெச்சா வலது பக்கம் 33 செ.மீ., இடது பக்கம் 30. தம்பியோட ஃப்ரெண்டு வீட்டுல நல்லா பராமரிச்ச ஒரு ஆம்னி இருக்கு, அதுல அதே மாதிரி அளந்தா ரெண்டு பக்கமும் 36. சரி, நமக்கு வேண்டியது அந்த 36தான், அதுக்கு மேல ஒரு விரல் கூட வேணாம். உயரம் ஏத்தணும்னு சொன்ன உடனே ஆளாளுக்கு ஜீப் மாதிரி தூக்கி விடலாம்னு பேச ஆரம்பிச்சிட்டாங்க. நான் கேட்டது கம்பெனியில இருந்து வந்தப்போ இருந்த உயரம். கம்பெனி ஸ்பெக்க மாத்தி வண்டிய திருத்துறதுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவுல தடை இருக்கு, ஆர்.சி. புதுப்பிக்க இன்ஸ்பெக்டர்கிட்ட காட்டுறப்போ அது வேற பிரச்சனை ஆகும். 15 வருஷம் தாண்டின காருக்கு அந்த புதுப்பிக்கிற ஃபீஸே 600ல இருந்து 2022 ஏப்ரல்ல 5000 ஆயிருந்துச்சு, அத கட்டிட்டு வண்டி ஃபெயில் ஆனா யாருக்கு நஷ்டம். இங்க ஃப்ரான்ஸ்ல 30 வருஷம் ஆன வண்டிய கலெக்‌ஷன் வண்டினு பதிவு பண்ணிக்கலாம், டெஸ்ட்டும் 5 வருஷத்துக்கு ஒரு தடவதான். நம்ம ஊர்ல விண்டேஜ்னு சொல்ல 50 வருஷம் ஆகணும், அப்பா வண்டிக்கு இன்னும் காலம் இருக்கு.

மொதல்ல போன பட்டறை கடலூர்லயே, பேரு வேணாம். வண்டிய குனிஞ்சு கூட பாக்கல, ‘எக்ஸ்ட்ரா ரெண்டு பட்டை சொருகிடலாம் மேடம், மதியானம் வந்து எடுத்துக்கங்க’னு சொன்னாங்க. பட்டை கூட்டினா உயரம் ஏறும், ஆனா ஸ்பிரிங் விறைச்சு போயிடும், வெறும் வண்டியில அம்மா ஒருத்தர உக்கார வெச்சு போனா இப்ப இருக்கிறத விட மோசமா தூக்கிப் போடும். பலாப்பழம் ஏத்துற காலம் போயிடுச்சு, இப்ப ஏறப்போறது மனுஷங்கதான்னு சொல்லியும் அவங்க காதுல விழல. இன்னொரு இடத்துல ஷேக்கிள, அதான் ஸ்பிரிங் முனைய பாடியோட சேக்கிற இணைப்ப, நீளமா வெல்டு பண்ணி தரேன்னாங்க. ஷேக்கிள் ரெண்டு இன்ச் நீளமானா பாடி ஏறுறது ஏறக்குறைய ஒரு இன்ச்தான், அதோட அச்சு கொஞ்சம் திரும்பிக்கும். ஆம்னியில இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில, ஓடுறது பின் சக்கரம், நடுவுல இன்ஜின் சுழற்சிய பின்னாடி கொண்டு போற ப்ரொப்பல்லர் ஷாஃப்ட். அந்த ஜாயின்ட் கோணம் மாறினா வைப்ரேஷன் வரும். அதுவும் சஸ்பென்ஷன்ல வெல்டிங்னு சொன்னதும் நான் அங்க நிக்கவே இல்ல.

கடைசியில தம்பி பாண்டிச்சேரி மேட்டுப்பாளையம் லாரி டெர்மினல் பக்கம் ஒரு ஸ்பிரிங் பட்டறைக்கு கூட்டிட்டு போனான். முள்ளோடை தாண்டி கிருமாம்பாக்கம், தவளக்குப்பம், அரியாங்குப்பம்னு மெதுவா உருட்டிட்டு போய் சேர ஒன்றரை மணி நேரம். மேஸ்திரிக்கு எழுவது வயசு இருக்கும். பேசுறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடியில படுத்துட்டாரு. எந்திரிச்சு வந்து, ‘பாப்பா, இதுக்கு புதுசா எதுவும் சேக்க வேணாம், இருக்கிற பட்டைக்கு பழைய வளைவ குடுத்தா போதும், ஆனா ஒரு நாள் வேலை, காலையில ஏழு மணிக்கு வந்துடு’னு சொன்னாரு. எனக்கு அந்த நிமிஷமே நம்பிக்கை வந்துடுச்சு.

மறுநாள் முழுக்க பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து பாத்தேன். பட்டைய அச்சோட சேத்து பிடிக்கிற யூ போல்ட் நட்டு எல்லாம் துருவுல ஒட்டிக்கிச்சு, பையன் கேஸ் கட்டர் எடுக்கப்போனான், பெட்ரோல் டேங்க் பக்கத்துல நெருப்பு வேணாம்னு மேஸ்திரி தடுத்து ஹேக்ஸா பிளேடாலயே அறுக்க வெச்சாரு, அதுக்கே ரெண்டு மணி நேரம். பட்டைய எல்லாம் பிரிச்சு வயர் பிரஷ் போட்டு, மண்ணெண்ணெய் தடவி, துடைச்சுட்டு சாக்பீஸ் தூள் தூவினாரு. விரிசல் இருந்தா உள்ள போன எண்ணெய் மேல ஊறி வந்து தூள்ல கோடு மாதிரி தெரியும். இடது பக்கம் ரெண்டாவது பட்டையில சென்டர் போல்ட் ஓட்டை கிட்ட அப்படி ஒரு கோடு! இடது பக்கம் ஏன் 3 செ.மீ. எக்ஸ்ட்ரா இறங்கியிருந்துச்சுனு அப்பதான் புரிஞ்சுது. எக்ஸ்ட்ரா பட்டை சொருகியிருந்தா அந்த விரிசல் உள்ளயே மறைஞ்சு கிடந்து எங்கயாவது ஈ.சி.ஆர்.ல போறப்போ ஒடிஞ்சிருக்கும், நினைச்சாலே பக்குனு இருக்கு.

அந்த ஒண்ண மட்டும் அதே அகலம் அதே கனத்துல புதுசு. மத்த பட்டைங்கள தரையில சாக்பீஸ்ல வரைஞ்ச வளைவுக்கு ஏத்த மாதிரி பட்டறைக்கல்லுல வெச்சு சம்மட்டியால விரல் விரலா தள்ளி தள்ளி அடிச்சாரு, எல்லாம் பச்சையாவே, சூடு காட்டாம. ஏன்னு கேட்டேன். கேஸ் நெருப்புல அங்கங்க சூடு பண்ணி வளைச்சா சீக்கிரம் வளையும், ஆனா இரும்போட பதம் போயிடும், ஆறு மாசத்துல மறுபடி படுத்துடும், பதம் திரும்ப ஏத்தணும்னா முழு பட்டையும் ஒரே சீரா காய வெச்சு எண்ணெயில முக்கி திரும்ப இளஞ்சூடு குடுக்கணும், அந்த அடுப்பு தன்கிட்ட இல்லனு சொன்னாரு. தன்கிட்ட இல்லாதத இல்லனு சொல்ற ஆளு.

மாட்டுறப்போ இன்னொரு விஷயம் கவனிச்சேன், இது பழைய வண்டி வெச்சிருக்கிற எல்லாருக்கும் உதவும். ஸ்பிரிங் முனை ஓட்டையில வர்ற ரப்பர் புஷ் புதுசா போட்டு போல்ட்ட சும்மா மாட்டி விட்டு, வண்டிய தரையில இறக்கி, நாலு பேர பின்னாடி ஏறி குதிக்க சொல்லி, எடை முழுசா சக்கரத்துல இருக்கிறப்போதான் இறுக்கினாரு. தொங்குறப்பவே இறுக்கிட்டா ரப்பர் புஷ் முறுக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழிஞ்சிடும். யூ போல்ட் நாலும் புதுசு, பழைய ஷாக் எண்ணெய் கசிஞ்சதால அதுவும் மாத்தியாச்சு. பிரேக் ஓஸ் இழுபடுதானு கைய விட்டு பாத்தாரு. பின்பக்கம் ஏறினா ஹெட்லைட் வெளிச்சம் தரைக்கு இறங்கிடும்ல, சாயங்காலம் சுவத்துல அடிச்சு பாத்து அதையும் சரி பண்ணி குடுத்தாரு, அதுக்கு காசு வாங்கல. மொத்தம் 7,200 ரூபா, பில்லு கேட்டேன், கையால எழுதி ஒவ்வொண்ணா குடுத்தாரு.

அளந்தா ரெண்டு பக்கமும் 36.5. அரை செ.மீ. கூட இருக்கேன்னேன், ஓட ஓட உக்காந்துக்கும் பாப்பா, அதுக்குதான் விட்டிருக்கேன், 500 கிலோமீட்டர் ஓடினதும் யூ போல்ட்ட மறுபடி இறுக்கணும், மறக்காம தம்பிய அனுப்புனு சொன்னாரு. வரும்போது பெண்ணையாத்து பாலம் ஏறுற இடத்துல எப்பவும் இடிக்கிற பள்ளம் இருக்கு, நான் பல்ல கடிச்சிட்டு உக்காந்திருந்தேன், வண்டி லேசா அமுங்கி எழுந்து போயிடுச்சு. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா திருவந்திபுரம் வரைக்கும் பேசிட்டே வந்துச்சு.

போன வாரம் தம்பி போய் யூ போல்ட் இறுக்கிட்டு வந்து, சக்கரத்துல டேப் வெச்சு போட்டோ அனுப்பியிருந்தான், ரெண்டு பக்கமும். 36.