ஒரே கரண்ட் அடுப்பு, இரண்டு வீடு: எனக்கு லாபம், தம்பிக்கு நஷ்டம்

போன மாதம் தம்பி போன் பண்ணினான். எடுத்த எடுப்பிலேயே, "அக்கா, உன் பேச்சைக் கேட்டு இண்டக்‌ஷன் வாங்கினேன் பாரு, கரண்ட் பில் 2250 வந்திருக்கு" என்றான். அதற்கு முந்தைய பில் 1364. நான் வாங்கிய அதே அடுப்பு, அதே கடை, சமையலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். என் வீட்டில் அது மாதம் நூறு ரூபாய் மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது, அவன் வீட்டில் கையைக் கடிக்கிறது. சரி, என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்று இரண்டு வீட்டு பில்லையும் எடுத்து வைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்தேன்.

முதலில் பில் எப்படிப் போடுகிறார்கள் என்பது புரிய வேண்டும், அது புரியாமல் கேஸா கரண்டா என்று சண்டை போடுவதில் அர்த்தமில்லை. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரத்துக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கு. 2024 ஜூலையில் வந்த கட்டணப்படி நம் கையிலிருந்து போவது இவ்வளவு: முதல் 100 யூனிட் இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35, 201 முதல் 400 வரை 4.70, 401 முதல் 500 வரை 6.30. இதுவரை ஒழுங்காகப் படி ஏறுகிற மாதிரிதான் இருக்கும். 501-ஐத் தொட்டதும் கணக்கே மாறிவிடுகிறது. அந்த 2.35 சலுகை போய், 101-லிருந்தே 4.70 போட்டுவிடுவார்கள், 500-க்கு மேல் வருவதற்கு 8.40, 600 தாண்டினால் 9.45, இப்படி மேலே போய்க்கொண்டே இருக்கும். 500 யூனிட்டுக்கு பில் 1805 ரூபாய், 501 யூனிட்டுக்கு 2048 ரூபாய் 40 காசு. அந்த ஒரே ஒரு யூனிட்டின் விலை 243 ரூபாய்! ஒரு நாள் ராத்திரி ஹாலில் ஃபேனை அணைக்க மறந்த குற்றத்துக்கு இது ரொம்ப அதிகம்.

ஆக "கரண்ட் யூனிட் என்ன விலை" என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. உங்கள் வீட்டில் கடைசியாக ஓடுகிற யூனிட் என்ன விலை என்பதுதான் கேள்வி.

இப்போது கேஸ். 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறிய பிறகு சென்னையில் 14.2 கிலோ சிலிண்டர் 868 ரூபாய் 50 காசுக்கு வந்தது, நான் போட்ட கணக்கு அந்த விலைக்கு. மாடிக்குத் தூக்கி வருபவருக்குக் கொடுப்பது தனி. ஒரு சிலிண்டரில் இருக்கிற மொத்தச் சூடு ஏறக்குறைய 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆனால் கேஸ் அடுப்பில் பாத்திரத்துக்குள் போவது அதில் அறுபது சதவீதம் போல, மிச்சம் பக்கவாட்டில் போய் நம்மைத்தான் வேக வைக்கிறது. இண்டக்‌ஷனில் எண்பத்தைந்து சதவீதம் பாத்திரத்துக்கே போகும். கூட்டிக் கழித்துப் பார்த்தால் ஒரு சிலிண்டர் செய்கிற வேலையை இண்டக்‌ஷன் சுமார் 125 யூனிட்டில் முடித்துவிடும். 868.50-ஐ 125-ஆல் வகுத்தால் ஏழு ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. கடைசி யூனிட் 2.35-லோ 4.70-லோ ஓடும் வீட்டுக்கு இண்டக்‌ஷன் லாபம், 6.30 என்றால் ஏதோ கொஞ்சம் லாபம், 8.40 என்றால் பேசாமல் கேஸையே பற்ற வைக்கலாம். சிலிண்டர் விலை ஏறினாலோ இறங்கினாலோ இந்த ஏழு ரூபாய்க் கோடும் கூடவே நகரும், அதனால் உங்கள் ஊர் விலையைப் போட்டு ஒருமுறை வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என் வீட்டில் ஏ.சி. கிடையாது, இரண்டு மாதத்துக்கு 250 யூனிட், பில் 470 ரூபாய். பால், டீ, சாதம், குழம்பு கொதிக்க வைப்பது என்று பாதி சமையலை இண்டக்‌ஷனுக்கு மாற்றியதும் யூனிட் 345 ஆனது, பில் 916. கூடுதல் 446. ஆனால் நாற்பது நாளில் தீர்ந்த சிலிண்டர் இப்போது எண்பது நாள் வருகிறது, அதாவது இரண்டு மாதத்தில் முக்கால் சிலிண்டர், 651 ரூபாய் மிச்சம். கழித்தால் இரண்டு மாதத்துக்கு 205 ரூபாய் கையில். பெரிய தொகை ஒன்றும் இல்லை, அடுப்பு வாங்கிய 2000 ரூபாய் திரும்பி வரவே ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகும். இதில் தட்டையான அடி உள்ள எவர்சில்வர் பாத்திரம் இரண்டு வாங்கியதைச் சேர்க்கவில்லை, சேர்த்தால் என் வீட்டுக்காரர் சிரிப்பார். அலுமினிய இட்லிப் பானையும் ஈயச் சொம்பும் அதில் ஏறாது. ஈயச் சொம்பு ரசத்துக்காக ஒரு கேஸ் பர்னர் எப்படியும் வேண்டியிருக்கிறது.

தம்பி வீட்டில் இரவு நாலு மணி நேரம் ஏ.சி. ஓடும். முன்பே 430 யூனிட். அதன் மேல் அதே 95 யூனிட் ஏறி 525. கூடுதல் பில் 886, கேஸில் மிச்சம் 651, ஆக 235 ரூபாய் நஷ்டம். எனக்கு வந்ததைவிடக் கொஞ்சம் அதிகமாகவே அவனுக்குப் போயிருக்கிறது. அடுப்பின் மேல் தப்பே இல்லை, அவன் வீடு ஏற்கெனவே மேட்டின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தது, அடுப்பு லேசாக ஒரு தள்ளு தள்ளிவிட்டது.

இன்னொரு வகை வீடும் இருக்கிறது. வாடகை வீட்டில் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு ரூபாய், பத்து ரூபாய் என்று ஒரே விலை வாங்குவார்களே, அங்கே இலவச 100 யூனிட்டும் இல்லை, படியும் இல்லை. அப்படிப்பட்ட வீட்டில் இண்டக்‌ஷன் பக்கமே போகாதீர்கள். கேஸ், குக்கர், அவ்வளவுதான். சொல்லப்போனால் இண்டக்‌ஷனா கேஸா என்பதைவிட, பருப்பை அரை மணி நேரம் ஊற வைத்துக் குக்கரில் போடுகிறோமா, திறந்த பாத்திரத்தில் கொதிக்க விடுகிறோமா என்பதில்தான் வித்தியாசம் அதிகம். அதற்கு எதையும் புதிதாக வாங்கவும் வேண்டாம்.

சரி, தம்பிக்கு என்ன வழி? மூன்று இருந்தன. அடுப்பைத் தூக்கிப் பரண்மேல் வைப்பது ஒன்று. ஏ.சி.யை 22-லிருந்து 26-க்கு ஏற்றி வைப்பது இன்னொன்று. ஒரு டிகிரி கூட்டினால் ஆறு சதவீதம் போல மின்சாரம் குறையும் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பே சொல்கிறது, அவன் கணக்கில் இரண்டு மாதத்துக்கு நாற்பது யூனிட் வரும், 525 இறங்கி 485, பில் 1710. ஐந்து பைசா செலவில்லாமல் 540 ரூபாய். எனக்கு இதுதான் பிடித்திருந்தது. 22-ல் வைத்துக்கொண்டு கம்பளி போர்த்திப் படுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு ஆகாது. ஆனால் அவன் வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை, குழந்தைக்கு வேர்க்குரு வருகிறதாம். வேர்க்குருவோடு யார் வாதாடுவது?

மூன்றாவது ஃபேன். சாதாரண சீலிங் ஃபேன் முழு வேகத்தில் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. என்று விற்கிற, கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் வைத்த ஃபேன் 30 வாட் பக்கம். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் ஓடும் ஹால் ஃபேனில் இரண்டு மாதத்துக்கு 40 யூனிட் குறையும். இரண்டு ஃபேன் மாற்றினால் 80 யூனிட். 525 அப்படியே 445 ஆகிவிடும், பில் 1458. ஒரு பில்லுக்கு 790 ரூபாய்! ஒன்று 3000 என்று இரண்டு வாங்கினால் 6000, எட்டு பில்லில் காசு திரும்பிவிடும். அதே இரண்டு ஃபேனை என் வீட்டில் மாட்டினால் பில்லுக்கு 376 ரூபாய்தான் குறையும், காசு திரும்ப ரெண்டே முக்கால் வருடம். நன்றாக ஓடுகிற ஃபேனைக் கழற்றிப் போட்டுவிட்டு நான் ஏன் வாங்க வேண்டும்? பழையது என்றைக்குப் புகைகிறதோ அன்றைக்கு வாங்கிக்கொள்கிறேன், அப்போது சாதாரண ஃபேனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் 1500 ரூபாயை மட்டும் கணக்கில் எடுத்தால் போதும். சப்-மீட்டர் வாடகை வீட்டுக்காரர்களுக்கு இந்த ஃபேன் நல்ல முதலீடு, வீடு மாறும்போது கழற்றிக்கொண்டும் போகலாம். ஒரே தொல்லை ரிமோட். சுவரில் இருக்கும் ரெகுலேட்டரை எலக்ட்ரீஷியனை வைத்து இணைப்பிலிருந்து எடுத்துவிட்டு நேராக சுவிட்சில் கொடுக்க வேண்டும், அப்புறம் வேகம் கூட்டவும் குறைக்கவும் ரிமோட்டைத் தேடி சோபாவுக்கு அடியில் குனிய வேண்டும். ரெகுலேட்டரோடு அப்படியே மாட்டிவிட்டு ஃபேன் சரியில்லை என்று திட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன். பூஜை ரூமுக்கும் விருந்தாளி ரூமுக்கும் இதை வாங்குவது வீண், அங்கே ஓடுவதே அரை மணி நேரம்.

கரண்ட் பேச்சு வந்தாலே எங்கள் மாமியார் கிரைண்டரைக் காட்டுவார். கடை மாவு வாங்கு, கிரைண்டர் போட்டால் மீட்டர் ஓடுகிறது என்பார். பாவம், கிரைண்டர் மேல் வீண்பழி. இரண்டு லிட்டர் டேபிள் டாப் கிரைண்டர் 150 வாட், நாற்பது நிமிடம் ஓடினால் பத்தில் ஒரு பங்கு யூனிட், ஐம்பது பைசா. சத்தம் போடுகிற எல்லாம் கரண்ட் தின்பதில்லை, சத்தமே இல்லாமல் பாத்ரூமில் தொங்கும் 2000 வாட் கீசர் நாலு நிமிடத்தில் அதைவிட அதிகமாகத் தின்றுவிடும்.

கடை மாவா வீட்டு மாவா என்று வந்தால் கணக்கு வேறு இடத்தில் இருக்கிறது. 800 கிராம் இட்லி அரிசி நாற்பது ரூபாய், 200 கிராம் உளுந்து 28 ரூபாய், வெந்தயம் சேர்த்து எழுபது ரூபாய்க்கு இரண்டரை கிலோ மாவு கிடைக்கும். எங்கள் தெருவில் கடை மாவு கிலோ 45, இரண்டரை கிலோ 112 ரூபாய். வாரத்துக்கு நாற்பது ரூபாய் வித்தியாசம். ரேஷன் புழுங்கல் அரிசியை இட்லி அரிசியோடு பாதிக்குப் பாதி கலந்தால் இன்னும் இருபது ரூபாய் குறையும், இட்லி அதே மென்மைதான், கொஞ்சம் நிறம் மட்டும். ஆனால் களைந்து, ஊற வைத்து, அரைத்து, கல்லைக் கழுவி, மாவு தெறித்த இடத்தைத் துடைத்து முடிக்க யாரோ ஒருவருடைய ஒரு மணி நேரம் போகிறது, அந்த யாரோ எப்போதும் ஒரே ஆள்தான் என்பது உங்களுக்கே தெரியும். நாலு பேருக்கு மேல் இருக்கும் வீட்டில் அரைப்பது சரி. இரண்டு பேர் மட்டும் வேலைக்குப் போகிற வீட்டில் அரைத்த மாவு மூன்றாம் நாளே புளித்துச் சிங்க்கில் போவதைவிட, ஒரு கிலோ பாக்கெட் மேல். வாங்கும்போது சாய்த்துப் பாருங்கள், தண்ணீர் மாதிரி ஓடினால் நீங்கள் வாங்குவது மாவில்லை, தண்ணீர்.

தண்ணீர் என்றதும் கேனும் நினைவுக்கு வருகிறது. கேன் 35 ரூபாய், மாதம் பதினைந்து, வருடத்துக்கு 6300. ஆர்.ஓ. மெஷின் 12,000-க்கு வாங்கி வருடம் 4000 சர்வீஸுக்குக் கொடுத்து ஏழு வருடம் ஓட்டினால் வருடத்துக்கு 5700 வருகிறது. அடித்துக்கொள்ளும் அளவுக்கு வித்தியாசம் இல்லை, அதுவும் ஃபில்டருக்கு வெளியே போகிற தண்ணீரைப் பிடித்துத் தரை துடைக்க வைத்தால்தான் மனசு ஆறும். மெட்ரோ தண்ணீர் வருகிற வீட்டில் காய்ச்சிக் குடிப்பதுதான் மலிவு. இண்டக்‌ஷனில் பத்து லிட்டர் கொதிக்க ஒரு யூனிட் ஆகும், கேன் அளவு இருபது லிட்டருக்கு என் வீட்டில் 9 ரூபாய் 40 காசு. கேஸில் காய்ச்சினாலும் பதினாலு ரூபாயைத் தாண்டாது. உப்புத் தண்ணீர் போர் மட்டும் உள்ள வீட்டில் இந்தப் பேச்சே எடுக்காதீர்கள், காய்ச்சினால் கிருமி சாகும், உப்பு போகாது.

இத்தனையும் எழுதிப் பார்த்த பிறகு நான் தம்பியிடம் சொன்னது ஒன்றுதான். ரீடிங் எடுத்த நாளைக் குறித்து வை, நாற்பத்தைந்தாம் நாள் நீயே மீட்டரைப் பார், பழைய ரீடிங்கைக் கழித்து 375-க்கு மேல், அதாவது 500-ல் முக்கால் பங்குக்கு மேல் போயிருந்தால் மிச்சம் பதினைந்து நாள் இண்டக்‌ஷனை மூடி வைத்துவிட்டு கேஸில் சமை. டிஜிட்டல் மீட்டரில் எண்கள் மாறி மாறி வரும், கே.டபிள்யூ.எச். என்று வருவதுதான் யூனிட், அதைத்தான் பார்க்க வேண்டும். அவன் முதல் தடவை வோல்ட்டைப் படம் எடுத்து அனுப்பி, "அக்கா, வெறும் 231 தான்" என்று சந்தோஷப்பட்டான்.

ஃபேன் இரண்டையும் மாற்றிவிட்டான், அடுப்பை எடுக்கவில்லை. நேற்று நாற்பத்தைந்தாம் நாள். மறுபடி படம் வந்தது, இந்தத் தடவை சரியான எண். பழைய ரீடிங்கைக் கழித்தால் 338. ஏ.சி. இன்னும் 22-ல்தான் இருக்கிறதாம்.