நைரோபி சஃபாரிக்குப் புதுச்சேரியில் பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கம்பெனி வேலையாக வெளிநாடு போகிறவர்களைக் குறிவைத்து நம் பக்கத்தில் ஒரு வியாபாரம் நடக்கிறது. வேலை முடிந்து ஊர் திரும்பும் முன் நம் கையில் மிஞ்சுவது ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். புது ஊரில் விசாரித்துத் திரிய நேரமில்லை. இது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். புதுச்சேரியில் இருக்கும் ஒரு டிராவல்ஸ் என் ஞாயிற்றுக்கிழமையை வைத்துத்தான் பணம் பறித்தது. புகார் கொடுத்திருப்பதால் இப்போதைக்குப் பெயரைப் போடவில்லை.

நான் கடலூர் சிப்காட்டில் வேலை செய்கிறேன். லீவு நாளில் பறவை பார்க்க ஊசுட்டேரிக்கும் கழுவெளிக்கும் பைனாகுலரோடு போகிற ஆள். கென்யத் தலைநகர் நைரோபிக்குக் கம்பெனியில் அனுப்புகிறார்கள் என்றதும் வேறெதையும்விட அங்கேயுள்ள காட்டைப் பார்க்கப்போகிற சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது.

டிராவல்ஸ்காரர் முதலில் மசாய் மாரா என்ற பெரிய வனவிலங்குக் காப்பகத்தைத்தான் சொன்னார். “காலைல போயிட்டு சாயங்காலம் வந்துடலாம் சார், கவலையே படாதீங்க” என்றார். நைரோபியிலிருந்து மாராவுக்கு ரோட்டில் போகவே ஐந்தாறு மணி நேரம் ஆகும். இரவு ஃப்ளைட் பிடிக்க வேண்டியவனிடம் இதைச் சொல்கிறார். நான் மறுத்ததும் நைரோபி தேசியப் பூங்கா பேக்கேஜுக்கு மாறினார். காலை ஆறு மணிக்குக் கூரை திறக்கும் சஃபாரி வண்டி, பூங்காவில் சிங்கம், யானை, காண்டாமிருகம், மதியம் மூன்று மணிக்கு யானைக்குட்டிகள் காப்பகம், பிறகு ஒட்டகச்சிவிங்கி மையம். எல்லா டிக்கெட்டும் சேர்த்து 38,000 ரூபாய். விசாவுக்கு என்று தனியாக 9,000.

விசாவிலேயே ஏமாற்று தொடங்கிவிட்டது. 2024 ஜனவரியிலிருந்து கென்யாவுக்கு விசா கிடையாது. இ.டி.ஏ. என்ற இணைய அனுமதிதான். அரசுத் தளத்தில் நாமே விண்ணப்பிக்கலாம், கட்டணம் 30 டாலர் அளவில்தான் வரும்.

அன்றைக்கு வண்டி வந்தது ஒன்பதரை மணிக்கு. வந்தது சாதாரண கார். பூங்கா கேட்டில் டிரைவர் தன் போனைத் திறந்து காட்டினார். அவருக்கு வந்த ஆர்டரில் ‘வண்டி மட்டும்’ என்று இருந்தது. நுழைவுக் கட்டணம் எதுவும் கட்டப்படவில்லை. அங்கே ரொக்கம் வாங்குவதில்லை. ஆன்லைனில்தான் கட்ட வேண்டும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் டாலரில். புதுச்சேரிக்கு போன் போட்டால், “உள்ள போங்க சார், வந்ததும் செட்டில் பண்ணிடுறேன்” என்று பதில். இரண்டாவது முறையாக என் கார்டிலிருந்தே பணம் போனது. டிரைவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. மூன்று கை மாறி அவருக்கு வந்து சேர்ந்த தொகையைச் சொன்னார். நான் கட்டியதில் அது சிறு பங்கு.

உள்ளே போன பிறகுதான் உண்மையான நஷ்டம் புரிந்தது. கேட் காலை ஆறு மணிக்கே திறக்கிறார்கள். சிங்கம் நடமாடுகிற நேரம் அது. பத்து மணி வெயிலுக்கு எல்லாம் புதருக்குள் போய்ப் படுத்துவிடும். ஓரிடத்தில் டிரைவர் காரை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினார். காய்ந்த புல்லுக்கு மேல் ஒரு காண்டாமிருகத்தின் முதுகும் இரண்டு காதும் மட்டும் தெரிந்தன. முதுகில் சேறு காய்ந்து வெடித்திருந்தது. அதன் மேல் இரண்டு சிறு பறவைகள் உண்ணி கொத்திக்கொண்டிருந்தன. தலையைப் பார்க்க வேண்டுமென்றால் இன்னும் இரண்டடி உயரத்தில் இருக்க வேண்டும். காரை விட்டு இறங்கக் கூடாது. பக்கத்தில் வந்து நின்ற சஃபாரி வேனில் கூரையைத் தூக்கி நின்றிருந்தவர்கள் முழுதாகப் பார்த்தார்கள். கூரை திறக்கும் வண்டி என்று பேசிப் பணம் வாங்கிவிட்டுக் காரை அனுப்புவது எவ்வளவு பெரிய மோசடி என்பது அந்த இடத்தில்தான் தெரியும்.

நைரோபி பூங்காவில் காட்டு யானையே கிடையாது. 117 சதுர கிலோமீட்டர்தான். தெற்குப் பக்கம் தவிர மற்ற மூன்று பக்கமும் வேலி. அங்கே யானை என்றால் ஷெல்ட்ரிக் காப்பகத்தில் வளர்க்கிற தாயற்ற குட்டிகள்தான். பொதுமக்களுக்கு அதைத் திறப்பது காலை 11 முதல் 12 வரை ஒரு மணி நேரம். முன்பதிவு இல்லாமல் விட மாட்டார்கள். எனக்கு எழுதிக் கொடுத்ததோ மதியம் மூன்று மணி. அந்த நேரத்துக்குப் பொதுமக்களுக்கான டிக்கெட் என்று ஒன்றை டிராவல்ஸ்காரர் எடுத்திருக்கவே முடியாது. தெரிந்தேதான் பணம் வாங்கியிருக்கிறார்.

1989-ல் அப்போதைய அதிபர் டேனியல் அராப் மோய் 12 டன் தந்தத்தைக் கொளுத்திய இடம் அதே பூங்காவுக்குள் இருக்கிறது. டிரைவர் தானாகவே அங்கே கூட்டிப்போனார். அங்கே இறங்கி நடக்கலாம். அன்றைய நாளில் எனக்கு நிறைவாக அமைந்தது அது ஒன்றுதான், அது பேக்கேஜிலேயே இல்லை.

இதையெல்லாம்விட மோசமான ஒன்று இருக்கிறது, இதை மட்டும் தயவுசெய்து மனதில் வையுங்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசி. ஊரிலிருந்து கிளம்பும் முன் அந்த டிராவல்ஸ்காரர் என்னிடம், “ஊசியெல்லாம் வேணாம் சார், கார்டு மட்டும் வாங்கித் தர்றேன்” என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. கென்யாவிலிருந்து இந்தியா திரும்புகிறவர்களிடம் அந்தச் சான்று கேட்பார்கள். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமையில் வைக்கலாம். ஊசி போட்டு பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். ஒரு முறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். போலி கார்டை நீட்டினால் சட்டப்படி மாட்டப்போவது நாம், உயிருக்கு ஆபத்தும் நமக்குத்தான்.

நைரோபியில் ஒரே ஒரு நாள் இருந்தால் பூங்காவை விடியற்காலையில் வைத்துக்கொள்ளுங்கள், பதினோரு மணிக்கு ஷெல்ட்ரிக், மதியத்துக்கு மேல் ஒட்டகச்சிவிங்கி மையம். இந்த வரிசை மாறினால் ஏதாவது ஒன்று கைவிட்டுப் போகும். கட்டணங்களை அந்தந்த இடத்தின் அதிகாரபூர்வ தளத்தில் நீங்களே உங்கள் பெயரில் கட்டுங்கள். வண்டியைத் தங்கியிருக்கும் ஹோட்டலிலோ அங்கே கூட வேலை செய்கிறவர்களிடமோ கேட்டுப் பேசுங்கள். கூரை திறக்கும் வண்டி என்றால் போட்டோவும் நம்பர் பிளேட்டும் முந்தைய நாளே கேட்டு வாங்குங்கள். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் எடுத்துப் போங்கள். 2020 ஜூனிலிருந்து கென்யப் பூங்காக்களுக்குள் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை.

திரும்பி வந்து டிராவல்ஸ்காரரிடம் பணம் கேட்டதற்கு, “புதுச்சேரி கோர்ட்டுக்கு வாங்க, பார்த்துக்கலாம்” என்றார். அலைய விட்டால் விட்டுவிடுவேன் என்று கணக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் மனுக் கட்டணம் கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவு செய்யலாம். நான் இரண்டையும் செய்துவிட்டேன், மனு கடலூர் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. வாட்ஸ்அப் பேச்சு, பணம் போன ஸ்க்ரீன்ஷாட், கேட்டில் கட்டிய ரசீது மூன்றும்தான் என் சாட்சி. இதே மாதிரி பேக்கேஜுக்குப் பணம் கட்டி ஏமாந்தவர்கள் இந்த மூன்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். பணம் கட்டி இன்னும் கிளம்பாதவர்கள் பூங்கா டிக்கெட்டையும் ஷெல்ட்ரிக் முன்பதிவையும் இன்றைக்கே அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பவில்லையென்றால் பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் ஒரு மெயில் போடுங்கள்.