கங்காரு தீவா, ஓசா தீபகற்பமா?

இரண்டுமே கடலோரம், இரண்டுமே எட்டாக்கை, இரண்டுமே பர்ஸைப் பதம்பார்ப்பவை. தம்பதியாகப் போகிறவர்களுக்கு எது பொருந்தும்?

தென் ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில், ஹான்சன் விரிகுடா மேல் நிற்கிறது சதர்ன் ஓஷன் லாட்ஜ். 2020 காட்டுத்தீயில் எரிந்து, 2023 டிசம்பரில் மறுபடி திறந்தது. படுக்கையிலிருந்தே கடல் தெரியும். அடிலெய்டிலிருந்து தீவிலுள்ள கிங்ஸ்கோட்டுக்கு அரைமணி விமானம், அப்புறம் சாலைப் பயணம். சீல் பேயில் வழிகாட்டியோடு கடற்கரையில் இறங்கினால், ஆஸ்திரேலியக் கடற்சிங்கங்கள் மணலில் புரண்டு தூங்குவதைக் காணலாம். அந்தி சாய்ந்ததும் கங்காருக்கள் வெளியே வரும். இரவில் காரோட்டாதீர்கள், சாலையில் குறுக்கே பாயும்.

கோஸ்டா ரிகாவின் ஓசா தீபகற்பத்திலுள்ள லாபா ரியோஸ் விடுதி வேறு ரகம். சொந்த மழைக்காட்டுக்குள் ஓலைக் கூரைக் குடில்கள். கடல் கீழே, தூரத்தில். அந்நாட்டின் நான்கு குரங்கினங்களும் இங்கே உண்டு. ஹவ்லர் குரங்கு விடியுமுன் ஊளையிட்டு எழுப்பிவிடும், அலாரம் தேவையில்லை! சிவப்பு மக்காக் கிளிகள் பெரும்பாலும் ஜோடியாகவே பறக்கும். ஆனால் புழுக்கம், பூச்சி, ஏகப்பட்ட படிக்கட்டு. முட்டிவலி உள்ளவர்கள் யோசிக்கவும். செப்டம்பர், அக்டோபரில் மழை கொட்டும்.

சாப்பாடு இரண்டிலும் குறையில்லை.

என்னைக் கேட்டால், விலங்கு பார்ப்பதே முதல் ஆசை என்றால் ஓசாதான். ஓய்வும் தனிமையும் வேண்டும், விலங்கு இடையிடையே வந்தால் போதும் என்பவர்கள் கங்காரு தீவுக்குப் போகலாம். ஒருவருக்குக் காடு, மற்றவருக்கு சோபா என்றாலும் கங்காரு தீவே சரி.