புது பைக்கா, பழைய பைக்கா, வெளிமாநில வண்டியா: ஆர்.சி. உங்கள் பெயருக்கு வர எவ்வளவு ஆகும்?

பைக் வாங்கக் கிளம்புகிறவர்கள் மைலேஜ் பார்க்கிறார்கள், நிறம் பார்க்கிறார்கள், ஷோரூம் விலையைப் பேசிக் குறைக்கிறார்கள். ஆர்.சி.யில், அதாவது வண்டியின் பதிவுச் சான்றிதழில், தன் பெயர் ஏற என்ன செலவாகும் என்பதை மட்டும் கடைசி நாளில்தான் கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் இந்தச் செலவு, நீங்கள் எந்த வண்டியை எப்படி வாங்குகிறீர்கள் என்பதைப் பொறுத்துச் சில நூறு ரூபாயிலிருந்து ஐம்பதாயிரத்துக்கு மேல் வரை போகும்.

முதலில் புது பைக். இதில் பெரும்பணம் வாழ்நாள் வரிக்கு, அதாவது ஒரே தடவையாகக் கட்டும் சாலை வரிக்குப் போகிறது. 2023 நவம்பருக்கு முன் எல்லா பைக்குக்கும் 8 சதவீதம்தான். இப்போது ஒரு லட்சம் ரூபாய் வரை 10 சதவீதம், அதைத் தாண்டினால் 12 சதவீதம். தாண்டிய தொகைக்கு மட்டுமல்ல, முழு விலைக்கும் 12 சதவீதம். அதனால் ஒரு லட்ச ரூபாய் வண்டிக்கு 10,000 வரி என்றால், ஒரு லட்சத்து ஆயிரம் ரூபாய் வண்டிக்கு 12,120. ஆயிரம் ரூபாய் கூடுதலாகக் கொடுத்து அலாய் வீல் மாடலுக்கு மாறுகிறவர், வரியிலும் இரண்டாயிரத்துக்கு மேல் சேர்த்துக் கொடுக்கிறார். எந்த வேரியன்ட் என்று முடிவு செய்யும் முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது இந்த இடத்தில் நன்றாகவே உதவுகிறது. 1,05,000 ரூபாய் விலை இருந்த வண்டி, குறைப்பு முழுவதும் வாடிக்கையாளருக்கு வந்தால் 97,000-க்குள் வந்துவிடும். வாழ்நாள் வரியும் 12,600-லிருந்து 9,700-க்குள் இறங்கும்.

அப்புறம் இன்சூரன்ஸ். 2018 செப்டம்பரிலிருந்து புது பைக்குக்கு ஐந்து வருட தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் (விபத்தில் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது) கட்டாயம். 75 முதல் 150 சிசி வரை 3,851 ரூபாய், 350 வரை 7,365, அதற்கு மேல் 15,117. மூன்றுக்கும் மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு. பதிவுக் கட்டணம் வெறும் 300 ரூபாய், ஸ்மார்ட் கார்டு 200, ஃபைனான்ஸ் போட்டிருந்தால் அதை ஆர்.சி.யில் பதிய 500. ஆக, 96,000 ரூபாய் 125 சிசி வண்டிக்கு இவை எல்லாம் சேர்ந்து 15,000-ஐத் தாண்டும். மூன்று லட்ச ரூபாய் 450 சிசி வண்டியென்றால் வரி 36,000, தேர்டு பார்ட்டி மட்டும் 17,800-க்கு மேல். பில்லில் ‘ஹேண்ட்லிங் சார்ஜ்’ என்று ஒரு தொகை இருந்தால் அது அரசுக்குப் போகும் பணம் அல்ல. ஒவ்வொரு தொகைக்கும் தனித்தனி ரசீது கேளுங்கள், தயங்க வேண்டாம்.

எலெக்ட்ரிக் வண்டிக்குப் பதிவுக் கட்டணமே கிடையாது, 2021-ல் மத்திய அரசு நீக்கிவிட்டது. தமிழ்நாடு தந்த வாழ்நாள் வரி விலக்கு, 2022 இறுதி வரை என்று தொடங்கி 2025 இறுதி வரை நீட்டிக்கப்பட்டது. காலக்கெடு வைத்துத் தரும் சலுகை என்பதால், பதிவாகும் தேதியில் அது அமலில் உள்ளதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

இப்போது தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ள செகண்ட் ஹேண்ட் பைக்குக்கு வருவோம். என் கணக்கில் பெரும்பாலானவர்களுக்கு இதுதான் லாபம். முதல் சொந்தக்காரர் கட்டிய வாழ்நாள் வரி வண்டியோடு வந்துவிடும், நீங்கள் மறுபடி கட்ட வேண்டாம். பதிவு 15 வருடத்துக்கு என்பதால், நாலு வருட வண்டியில் இன்னும் 11 வருடம் மீதி இருக்கும். பேர் மாற்றத்துக்கான அரசுக் கட்டணம் 150 ரூபாய், கார்டுக்கு 200. புரோக்கர் கேட்பது இதைப்போலப் பல மடங்கு இருக்கும். ஃபாரம் 29, ஃபாரம் 30, இன்சூரன்ஸ், முகவரிச் சான்று இருந்தால் நீங்களே மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். லோன் பாக்கி இருந்த வண்டி என்றால் பேங்க் கொடுத்த என்.ஓ.சி.யும் (தடையின்மைச் சான்று), ஆர்.சி.யில் இருந்து லோனை நீக்கும் ஃபாரம் 35-ம் கைக்கு வராமல் முழுப்பணத்தைக் கொடுக்காதீர்கள்.

இவ்வளவு சின்னத் தொகைக்குச் சோம்பல்பட்டு, பேர் மாற்றாமல் வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்களைப் பார்த்தால் மனசு பதறுகிறது. வாங்கியவர் 30 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும், விற்றவரும் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். செய்யாவிட்டால் விற்றவர்தான் மாட்டுவார். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது: வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், விபத்து இழப்பீடு அவர் தலையில்தான் விழும். வெள்ளைப் பேப்பரில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்வது இதற்கு ஈடாகாது.

15 வருடம் தாண்டிய வண்டி வேறு கணக்கு. பதிவைப் புதுப்பிக்க 1,000 ரூபாய், கூடவே பசுமை வரி, வண்டியைக் கொண்டுபோய்ச் சோதனைக்குக் காட்டவும் வேண்டும். கிடைப்பது ஐந்து வருடம். 20 வருடம் தாண்டிய பைக்குக்கு 2025 ஆகஸ்டில் கட்டணம் 2,000 ஆகிவிட்டது. யமஹா ஆர்.எக்ஸ் 100 தயாரிப்பு 1996-லேயே நின்றுபோனதால், அந்த வண்டி மேல் ஆசை உள்ள எல்லோருக்கும் இது பொருந்தும். பெரிய செலவு தாமதத்தில்தான் இருக்கிறது: புதுப்பிக்காமல் விட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் 300 ரூபாய். இரண்டு வருடம் கிடப்பில் இருந்த வண்டி என்றால் அதிலேயே 7,200 போய்விடும். விலை பேசும்போதே ஆர்.சி. காலாவதியான தேதியைப் பார்த்து அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பெங்களூரில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி வரும் வண்டி. நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். 12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டினால் தமிழ்நாட்டுப் பதிவெண் வாங்கியாக வேண்டும். அதற்கு அந்த ஊர் ஆர்.டி.ஓ.வின் என்.ஓ.சி. வேண்டும், வண்டியின் வயதுக்கேற்ப இங்கே மறுபடி வாழ்நாள் வரியும் கட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியில் மீதிக் காலத்துக்கான தொகையைத் திரும்பக் கேட்கலாம் என்றாலும், அதற்கான அலைச்சல் அந்த மாநில அலுவலகத்தில்தான். இரண்டாம் கையாக வாங்கியவருக்கு இது இன்னும் சிக்கல். விலையில் மிச்சம் பிடித்த பத்தாயிரம் இதிலேயே கரைந்துவிடும். வேலை மாறி, சொந்த வண்டியோடு சென்னைக்கோ கோவைக்கோ வருகிறவர்களுக்கு வேறு வழியில்லை. அவர்கள் அந்த ஊரைக் காலி செய்யும் முன்பே ஃபாரம் 28 கொடுத்து என்.ஓ.சி. வாங்கிவிடுவது நல்லது.