தமிழில் தேடினால் எந்த நாடு வருகிறது? திருகோணமலையிலிருந்து ஒரு நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

ஆங்கிலத்தில் எதையாவது தேடும்போது நான் இலங்கையில் இருக்கிறேன் என்பதைத் தேடுபொறி மறப்பதே இல்லை. அதே கேள்வியைத் தமிழில் எழுதினால் உடனே தமிழ்நாட்டுக்குப் போய்விடுகிறது. திருகோணமலை நகரில் தட்டச்சு, அச்சு, இணையத் தேடல் செய்து கொடுக்கும் கொமினிகேஷன் கடை நடத்துவது என் தொழில். விண்ணப்பப் படிவம், கடந்தகால வினாத்தாள், பரீட்சைப் பெறுபேறு, பொருள்களின் விலை என்று ஒரு நாளில் நான் தட்டச்சு செய்யும் கேள்விகளில் பெரும்பாலானவை என்னுடையவை அல்ல. உப்புவெளி, கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்று பல இடங்களிலிருந்தும் வருகிறவர்களுடைய கேள்விகள் அவை. தேடல் முடிவுகளை நாட்டுக்கு ஏற்ப மாற்றித் தரும் வசதியைப் பல ஆண்டுகளாகப் பலருக்காகப் பயன்படுத்தியவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மிகவும் பயனுள்ள வசதி அது. ஆனால் இலங்கையில் தமிழ் பேசுகிறவர்களுக்கு அது இன்னும் பாதிதான் வந்து சேர்ந்திருக்கிறது.

அதிகம் அல்லற்படுகிறவர்கள் மாணவர்கள். “அண்ணா, பதினோராம் வகுப்புக் கணிதப் புத்தகம் வேண்டும்” என்று ஒரு பிள்ளை கேட்கிறது. கேட்டபடியே எழுதினால் முதற்பக்கம் முழுவதும் தமிழ்நாட்டின் பதினோராம் வகுப்புப் பாடநூல்தான். அங்கே அது மேல்நிலை முதலாம் ஆண்டு. வகை நுண்கணிதமும் தொகை நுண்கணிதமும் அதில் இருக்கின்றன. இங்கே தரம் 11 என்பது க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குத் தயாராகும் ஆண்டு. மொழியும் எண்ணும் ஒன்றாக இருக்கின்றன, பாடத்திட்டம் முற்றிலும் வேறு. வேறொரு நாட்டுப் பாடநூலை அச்சிட்டுக் கொண்டுபோய், அது தேவையற்றது என்று வகுப்பில் ஆசிரியர் சொல்லித்தான் பிள்ளைக்குத் தெரியவேண்டுமா? அச்சுக்குக் கொடுத்த காசு பெரும்பாலும் ஒரு மீனவர் வீட்டுக் காசு. அதனால் யார் எப்படிக் கேட்டாலும் ‘தரம் 11’ என்று எழுதி, கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பெயரையும் சேர்த்தே தேடுகிறேன். அப்போது முடிவுகள் ஒழுங்காக இலங்கைக்குத் திரும்பிவிடுகின்றன.

நான் எந்த நாட்டில் இருக்கிறேன் என்பது தேடுபொறிக்குத் தெரியாததால் இது நடப்பதில்லை. தேடுகிறவரின் இடத்தை அது பல வழிகளில் ஊகிக்கிறது. இணைய இணைப்பின் ஐபி முகவரி (இணைப்பை அடையாளம் காட்டும் எண்), அனுமதி கொடுத்திருந்தால் தொலைபேசி சொல்லும் இருப்பிடம், முன்னர் தேடியவை, அமைப்புகளில் நாமே தேர்ந்தெடுத்த நாடு ஆகியவை அதற்கு உதவுகின்றன. கூகுள் தன் விளக்கத்தில் காட்டும் உதாரணம் நல்லது. ‘ஃபுட்போல்’ என்று சிக்காகோவில் தேடுகிறவருக்கு அமெரிக்கக் கால்பந்தாட்டமும் சிக்காகோ பெயார்ஸ் அணியும் முன்னால் வரும். லண்டனில் தேடுகிறவருக்குப் பிரீமியர் லீக் வரும். மறுபக்கத்தில், ஒவ்வோர் இணையப் பக்கமும் எந்த நாட்டுக்குரியது என்பதையும் அது கணிக்க வேண்டியிருக்கிறது. நமக்குரிய டொட் எல்கே (.lk) போன்ற நாட்டு முகவரி, பக்கத்தில் உள்ள தொலைபேசி எண், தபால் முகவரி, நாணயம், அந்தப் பக்கத்துக்கு எந்த நாட்டுத் தளங்கள் இணைப்புக் கொடுக்கின்றன என்பவை எல்லாம் அதற்குச் சான்றுகள். இரண்டு பக்கமும் பொருந்தினால் அந்த முடிவு மேலே வருவதற்கு வாய்ப்பு அதிகம்.

பொருந்தும் பக்கமே கிடைக்காவிட்டால் என்ன செய்யும்? மொழி பொருந்துவதைத் தரும். 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் ஏறக்குறைய 6.9 கோடி. 2012 கணக்கெடுப்பில் இலங்கையின் மொத்தச் சனத்தொகையே சுமார் 2 கோடிதான். தமிழில் இணையத்தில் ஏற்றப்படுகிறவற்றில் பெரும்பகுதி அங்கிருந்து வருவதில் வியப்பில்லை. தேடுபொறி வேண்டுமென்று நம்மைப் புறக்கணிக்கிறது என்று சிலர் கோபப்படுவதை நான் ஏற்கவில்லை. இருப்பதிலிருந்துதான் அது எடுத்துத் தருகிறது.

தங்க விலை விடயத்தில்தான் எனக்கு உண்மையான கவலை. ‘இன்றைய தங்க விலை’ என்று தமிழில் எழுதினால் சென்னை விலை வந்து நிற்கிறது. பாடநூல் என்றால் அட்டையைப் பார்த்தாவது வேறு நாட்டுடையது என்று கண்டுபிடித்துவிடலாம். தங்கத்தில் அதற்கு வழியில்லை. அங்கும் இங்கும் பவுண் என்றால் 8 கிராம்தான். அங்கே ரூபாய், இங்கே ரூபா. பலருடைய கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இந்திய ரூபாய் ஒன்றுக்கு மூன்று இலங்கை ரூபாவுக்கு மேல் கொடுக்க வேண்டும். ஆகவே திரையில் தெரியும் எண், கொழும்புச் செட்டியார் தெரு நகைக்கடை விலையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகத்தான் இருக்கும். மகளின் கல்யாணத்துக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்து வைத்திருக்கும் ஒரு தகப்பன் அந்த எண்ணைப் பார்த்து நிமிர்ந்து உட்காருவதையும், அது இந்திய விலை ஐயா என்று நான் சொன்னவுடன் அவருடைய முகம் வாடுவதையும் பார்த்திருக்கிறேன். விலை கேட்டுத் தேடும்போது, நாணயம் எந்த நாட்டுடையது என்று முடிவின் முதல் வரியிலேயே எழுதிக் காட்ட வேண்டும். தேடுபொறி நடத்துகிறவர்களிடம் நான் கேட்பதில் இதுவே முதலாவது.

நெல் விடயமும் இப்படித்தான். தம்பலகாமத்து விவசாயி ஒருவர் பசளை இடும் காலம் பற்றிக் கேட்டால், தமிழில் குறுவை, சம்பா, தாளடி என்ற பருவங்களுக்குரிய தஞ்சாவூர்ப் பக்கத்து விளக்கம் விரிவாக வரும். நமக்குப் பெரும்போகமும் சிறுபோகமும். விதைப்பதும் பிஜி 352 போன்ற இலங்கை இனங்கள். அது மூன்றரை மாத இனம். வேறு வயதுடைய இனத்துக்கு எழுதிய நாட்கணக்கை அதற்குப் பொருத்த முடியாது. இனத்தின் பெயரையும் போகத்தின் பெயரையும் சேர்த்துத் தேடினால்தான் இலங்கை விவசாயத் திணைக்களத்தின் பக்கங்கள் மேலே வருகின்றன.

நாடு சரியாக இருந்தும் ஊர் பிழைப்பது தனிக் கதை. என் கடைக் கணினியில் தேடினால் முடிவுப் பக்கத்தின் அடியில் இருப்பிடம் கொழும்பு என்று காட்டும். இணைப்பு வழங்கும் நிறுவனங்களின் ஐபி முகவரிகள் பெரும்பாலும் தலைநகரின் பெயரில் பதிவாகியிருப்பதால் இது நேர்கிறது. கொழும்பு இங்கிருந்து தரைவழியாக 250 கிலோமீற்றருக்கு மேல். அருகிலுள்ள பாமசி எது என்று கேட்டால் கொழும்பிலுள்ள வெள்ளவத்தையைக் காட்டுவது வெறும் எரிச்சல்தான். நோன்பு காலத்தில் அது எரிச்சலோடு நிற்பதில்லை. திருகோணமலை கொழும்புக்குக் கிழக்கே ஏறத்தாழ 1.4 பாகை நெட்டாங்கில் இருக்கிறது. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்று கணக்கிட்டால், இங்கே சூரியன் ஐந்து நிமிடத்துக்கும் சற்று அதிகமாக முந்துகிறது. கொழும்பு நேரத்தைப் பார்த்து நோன்பு திறந்தால் சில நிமிடம் தாமதம், அவ்வளவுதான். வைகறைக்கு முன் உண்ணும் ஸஹர் உணவின் முடிவு நேரத்தை அப்படிப் பார்த்தால் வைகறை வந்த பிறகும் சாப்பிட்டுக்கொண்டிருக்க நேரிடும். கிண்ணியாவிலிருந்து வரும் வாடிக்கையாளர்களிடம், தேடலில் முதலில் தெரியும் நேரத்தை நம்ப வேண்டாம், பள்ளிவாசலில் கொடுத்த அட்டவணையைப் பாருங்கள் என்றுதான் சொல்கிறேன். தொலைபேசியில் தேடுகிறவர்கள் இருப்பிட அனுமதி கொடுத்தால் இந்தக் குறை பெரும்பாலும் நீங்கிவிடுகிறது.

நிலாவெளிக் கடற்கரைக்கு வரும் வெளிநாட்டவர்களுக்கு நேர்வது இதற்கு எதிர்மாறு. தங்கள் நாட்டு சிம் அட்டையை ரோமிங்கில் வைத்திருந்தால், அந்த இணையப் போக்குவரத்து பெரும்பாலும் அவர்களுடைய நாட்டு வலையமைப்பைச் சுற்றித்தான் வருகிறது. புறாத்தீவுப் படகுக்காகக் கரையில் நிற்கிறவருக்கும் தேடுபொறி சொந்த நாட்டு முடிவுகளையே தருகிறது. விடுதியின் வைஃபையில் இணைந்தவுடன் மாறிவிடுகிறது.

கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் அக்காவும் நானும் தொலைபேசியில் பேசிக்கொண்டே ஒரே சொற்களை இரண்டு பக்கமும் தட்டிப் பார்ப்பது உண்டு. சாரதி அனுமதிப்பத்திரம் பற்றி ஆங்கிலத்தில் கேட்டால் அவருக்கு ஒன்ராறியோ, எனக்கு இலங்கை. கன்னியா வெந்நீரூற்று என்று கேட்டால் இருவருக்கும் ஏறக்குறைய ஒரே பட்டியல். உலகத்தில் ஒன்றே ஒன்று இருக்கும் பொருளுக்கு நாடு ஒரு பொருட்டல்ல. நாட்டுக்கு நாடு வேறாக இருக்கும் சட்டம், விலை, பரீட்சை, சேவை போன்றவற்றில்தான் அது எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சில இடங்களில் வரிசை மட்டுமல்ல, இருப்பே மாறுகிறது. தம்மைப் பற்றிய சில முடிவுகளைப் பெயர்த் தேடலிலிருந்து நீக்கக் கோரும் உரிமையை ஐரோப்பிய நீதிமன்றம் 2014இல் உறுதிசெய்தது. அதை உலகம் முழுவதற்கும் செய்யவேண்டிய கட்டாயம் இல்லை என்று அதே நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்தது. ஆகவே பிரான்சில் இருக்கும் உறவினருக்குத் தெரியாத ஒரு முடிவு இங்கே தெரியலாம்.

இனி, நான் கையாளும் வழிகள். டொட் எல்கே என்று முடியும் கூகுள் முகவரிக்குப் போனால் இலங்கை முடிவு வரும் என்று இன்னமும் பலர் நம்புகிறார்கள். அது 2017 ஒக்டோபரிலேயே மாறிவிட்டது. அதன் பிறகு எந்த நாட்டு முகவரியைத் தட்டினாலும் நாம் இருக்கும் நாட்டின் சேவைதான் கிடைக்கிறது. 2025 ஏப்ரலில், நாட்டு முகவரிகள் எல்லாவற்றையும் டொட் கொம் முகவரிக்கே திருப்பிவிடப்போவதாகவும் கூகுள் அறிவித்தது. நாட்டை மாற்ற விரும்பினால் தேடல் அமைப்புகளுக்குள் போய் மாற்ற வேண்டும். மொழிக்கும் நாட்டுக்கும் அங்கே தனித்தனித் தெரிவுகள் இருக்கின்றன. திரை மொழியைத் தமிழாக்கினால் நாடு இந்தியாவாகிவிடாது; பயப்படத் தேவையில்லை. மறைநிலைச் சாளரம் திறந்தால் பழைய தேடல்களின் தாக்கம் போகும், ஐபி முகவரி அப்படியே இருப்பதால் நாடு போகாது. டக்டக்கோ என்ற தேடுபொறியில் முடிவுகளுக்கு மேலேயே நாட்டை மாற்றும் பொத்தான் இருக்கிறது. ஒரே கேள்வியை இரண்டு விதமாக ஒப்பிட எனக்கு மிகவும் வசதியானது அதுதான். சில தேடுபொறிகளின் நாட்டுப் பட்டியலில் இலங்கையே இல்லை. அங்கே பட்டியலைத் தொடாமல் கேள்வியிலேயே ‘இலங்கை’ என்று எழுதிவிடுகிறேன். அரச படிவம் என்றால் தேடலை டொட் எல்கே தளங்களுக்குள் மட்டும் அடக்கும் கட்டளையை (site:.lk) பயன்படுத்துகிறேன். முகவர்களின் பக்கங்கள் பல விலகி, திணைக்களத்தின் பக்கம் மேலே வரும்.

வேண்டுமென்றே இந்தியாவைத் தேர்ந்தெடுக்கும் நேரங்களும் உண்டு. கணினி மென்பொருள் விளக்கம், ஆடு மாடுகளின் நோய், கைத்தொழில் பயிற்சி போன்றவற்றுக்குத் தமிழ்நாட்டவர்கள் எழுதி வைத்திருப்பது பெருஞ்செல்வம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பக்கங்களை வாசித்துப் பயன்பெற்ற பலரை எனக்குத் தெரியும். அந்தக் கதவை மூடிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எந்தக் கதவால் வந்தோம் என்பது வாசகருக்குத் தெரிந்தால் போதும்.

பேசித் தேடுகிறவர்களுக்கு ஒரு செய்தி. கூகுள் 2017 ஓகஸ்டில் குரல்வழித் தேடலில் தமிழைச் சேர்த்தபோது இந்தியத் தமிழ், இலங்கைத் தமிழ் என்று தனித்தனியாகவே சேர்த்தது. தொலைபேசியில் ‘தமிழ் (இலங்கை)’ என்று தேர்ந்தெடுக்கலாம். எழுத வாசிக்கச் சிரமப்படும் முதியவர்களுக்கு நான் முதலில் செய்து கொடுப்பது அதைத்தான்.

தேடுகிறவர்கள் எவ்வளவு கெட்டித்தனமாகத் தேடினாலும், இங்கிருந்து பக்கங்கள் எழுதப்படாவிட்டால் பயன் குறைவு. இணையத்தள உரிமையாளர்கள் தங்கள் தளத்துக்குரிய நாட்டைக் குறிப்பிட கூகுள் வைத்திருந்த தெரிவு 2022இல் நீக்கப்பட்டது. ஆயினும் ஒரு பக்கம் இலங்கைத் தமிழ் வாசகருக்கானது என்பதைப் பக்கத்தின் நிரலில் குறிப்பிடும் வழி இன்னும் இருக்கிறது. தமிழிலேயே முடியும் ‘.இலங்கை’ முகவரியும் 2010 முதல் நமக்குக் கிடைத்திருக்கிறது. அதைப் பயன்படுத்தும் தளங்களை விரல்விட்டு எண்ணலாம் என்பது எனக்கு வருத்தம். உப்புவெளியில் விடுதி நடத்தும் நண்பர் ஒருவரின் தளம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. தமிழில் ஒரு பக்கம் எழுதி, முழு முகவரியையும் 026 என்று தொடங்கும் தொலைபேசி எண்ணையும் இலங்கை ரூபாவில் கட்டணத்தையும் எழுத்தாகவே போடச் சொன்னேன். இப்போது தமிழில் தேடி யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் குடும்பங்கள் அழைக்கின்றன.

ஆசிரியர்களிடம் எனக்குள்ள வேண்டுகோளும் இதையொட்டியதே. மாதிரி வினாத்தாள்களைப் படம் பிடித்து வட்ஸ்அப் குழுக்களில் போடுகிறீர்கள். மூடிய குழுவுக்குள் தேடுபொறி நுழையாது. தட்டச்சு செய்து ஒரு திறந்த தளத்தில் ஏற்றுங்கள். தலைப்பில் தரம், பாடம், ஆண்டு, மாவட்டம் நான்கையும் எழுதுங்கள். தட்டச்சுக்கு ஆள் இல்லையென்றால் கையெழுத்துப் பிரதியை என் கடைக்கு அனுப்புங்கள்; பாடசாலைப் பிள்ளைகளுக்கானது என்றால் நான் காசு வாங்குவதில்லை.